மூன்றாவது பேட்டரி: கப்சாய் வண்டியின் மின்சார வரலாறு

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவன் என்னைக் காண வீட்டிற்கு வந்திருந்தான். இங்கே மூவாரில் உள்ள தளவாடப் பொருள் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு இரவு வேலை. மாலை மங்கும் நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, விடிவதற்குச் சற்று முன்னர் செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் சாலையில் தனியே திரும்பி வருபவன். பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். அவனுக்கு முன் எத்தனை பேர் கைகளில் அது இருந்தது என்பது அவனுக்கே தெரியாது.

"நாலு மாசத்துல மூணு பேட்டரி மாத்திட்டேன் சார். இப்ப இருக்கிறதும் போற மாதிரி இருக்கு. ஆனா மோட்டார் நல்லாத்தான் ஓடுது" என்றான்.

பேச்சு வாக்கில் இன்னொன்றையும் சொன்னான். முந்தைய வாரம் சாலைச் சந்திப்பில் அவன் வேகத்தைக் குறைத்தபோது பின்னால் வந்த லாரி அவன் தோளை உரசுவதுபோல் ஒதுங்கிச் சென்றதாம். லாரி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி ஏசிவிட்டுப் போனாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து சென்று வண்டியின் சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பின்னால் நின்று பார்த்தேன். பிரேக் விளக்கு அணையப்போகும் அகல் விளக்கைப் போல் மங்கலாய்ச் சிவந்தது. அவ்வளவுதான்.

நான் தமிழாசிரியன்; மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் அல்லன். எனினும் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த என் தந்தையாருடைய பழைய ஹோண்டாவின் அருகில் திருப்புளி ஏந்தி நின்று வளர்ந்தவன். "நல்லாத்தான் ஓடுது" என்று அந்தப் பிள்ளை சொன்னது பொய்யன்று. வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடியது. அப்படியானால் பேட்டரி செத்த வண்டி எப்படி ஓடுகிறது? முகப்பு விளக்கு எரியும்போது பிரேக் விளக்கு ஏன் மங்குகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவனுடைய வண்டிக்கு மீண்டும் வருகிறேன்.

பேட்டரி இல்லாத காலம்

காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசையும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். இன்று நம் கப்சாயின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் பேட்டரி அவருடைய பேட்டரியின் வழிவந்ததே. ஒன்று மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வழி. மற்றொன்று அதைச் சேமிக்கும் வழி. மோட்டார் சைக்கிளின் மின்சார வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான பங்கீட்டின் வரலாறுதான்.

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் தீப்பொறி தேவை. தொடக்கக் காலத்து வண்டிகள் சிலவற்றில் அதற்காகப் பேட்டரியைச் சுமந்தார்கள். ஓடும்போது அதில் மின்னேற்ற வழி இல்லை. தீர்ந்தால் நடுவழியில் நிற்கவேண்டியதுதான். இதற்கு மாற்றாக வந்தது மேக்னெட்டோ. இயந்திரத்தின் சுழற்சியிலிருந்தே தீப்பொறிக்கான மின்சாரத்தை எடுக்கும் சிறு கருவி அது. ஜெர்மனியின் ராபர்ட் போஷ் 1887இல் நிலையான இயந்திரம் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்தார். 1897இல் அவருடைய பட்டறை அதை டி டியோன் பூட்டோன் முச்சக்கர மோட்டார் வண்டியில் பொருத்தியது. 1902இல் அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனோல்டு, பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி பாயும் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். உலகம் முழுவதும் அது பரவிற்று. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, தன் வாகனங்களுக்கு வேண்டிய மேக்னெட்டோக்களுக்குப் பெரும்பாலும் ஜெர்மனியையே தான் நம்பியிருந்ததைப் பிரிட்டன் திடுக்கிட்டு உணர்ந்தது. அதன் பின்னரே அங்கு அத்தொழில் விரைந்து வளர்ந்தது.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. மேக்னெட்டோ வண்டியில் இயந்திரத்துக்குத் தனி உண்டியல். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அந்த உண்டியலில் யாரும் கைவைப்பதில்லை. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் விளக்குக்கு மின்சாரமே இல்லை. கார்பைடு கல்லின் மேல் நீர் சொட்டும்போது எழும் வாயுவைக் கொளுத்தி வெளிச்சம் பெற்றார்கள்.

கோவையில் ஒரு பழைய ரட்ஜ்

இந்தக் காலத்து வண்டி ஒன்றுதான் தமிழகத்தின் தொழில் வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. 1893இல் கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடும் வண்டி அது. உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே அவரிடமிருந்து வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. வாங்கியவுடன் ஊர்சுற்றப் புறப்படவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார், ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று பார்த்தார், மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்தளித்தார்.

பிறர் ஓட்டிய வண்டியை வாங்குபவர் இருவகையினர். ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பவர் ஒருவகை; எப்படி ஓடுகிறது என்று பார்ப்பவர் மற்றொரு வகை. நாயுடு இரண்டாம் வகையினர். எல்லாரும் அவரைப்போல் ஆக இயலாது. ஆயினும் தன் உயிரை ஏற்றிச் செல்லும் வண்டியில் மின்சாரம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதை மட்டுமாவது எவரும் அறிந்துகொள்ள இயலும்.

சென்னை வண்டியின் முள்

விளக்கும் ஹோனும் மின்சாரத்தால் இயங்கத் தொடங்கியபோது புதிய கவலை ஒன்று பிறந்தது. இயந்திரம் பேட்டரிக்குக் கொடுக்கிறதா, அல்லது பேட்டரி கைப்பொருளைத் தின்றுகொண்டிருக்கிறதா? ஓட்டுபவர் எப்படி அறிவார்?

இதற்கு விடை தந்த வண்டி ஒன்று தமிழ் மண்ணில் உருவாயிற்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. புல்லட்டின் முகப்பு விளக்கின் மேல் சிறு வட்டமாய் ஓர் அம்மீட்டர் இருக்கும். முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு. இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. புல்லட் ஓட்டிய பழைய மனிதர்கள் சாலையைப் பார்ப்பதுபோலவே அந்த முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோய் முற்றுவதற்கு முன்பே அறிகுறி கண்ணெதிரே தெரிந்துவிடும்.

நம் மலேசியச் சாலைகளை நிறைத்த சின்ன வண்டியில் அந்த முள் இல்லை. எடையும் விலையும் குறையவேண்டிய வண்டியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. மின்சாரக் கோளாற்றை நம்மவர் காலந்தாழ்த்தி உணர்வதற்கு இது முதற் காரணம்.

பினாங்கு வழியாக வந்த கப்சாய்

1958 ஆகஸ்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. 49 கன சென்டிமீட்டர் இயந்திரம். கையால் இயக்கும் கிளட்ச் இல்லை. சேற்றைத் தடுக்கும் அகன்ற காப்பு. சுய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தாக்கேயோ புஜிசாவாவும் எளிய மக்களை மனத்தில் வைத்து வடித்த வண்டி அது. அதே 1958இல் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஜப்பான் சென்றபோது அவ்வண்டியைக் கண்டு, மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். கப் என்ற பெயருடன் சிறியது என்னும் பொருள்தரும் சீனச் சொல் ஒட்டி, நம் நாட்டில் அது கப்சாய் ஆயிற்று என்பர். பின்னர் யமஹா, சுசூக்கி முதலிய எந்த நிறுவனம் செய்தாலும் அவ்வகை வண்டி எல்லாமே கப்சாய்தான். உலகெங்கும் விற்ற சூப்பர் கப் வரிசை வண்டிகளின் எண்ணிக்கை 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது.

தோட்டத்து வாழ்க்கையை இந்த வண்டி மாற்றியதை என் தலைமுறையினர் நேரில் கண்டோம். லயத்திலிருந்து பட்டணத்துக்குப் போகப் பேருந்தை எதிர்பார்த்த காலம் போயிற்று. பால்வாளிகளை இருபுறமும் கட்டிக்கொண்டு, இருள் பிரியுமுன் வேலைக்காட்டுக்குக் கப்சாயில் போனார்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். பிள்ளைகள் மூவரை ஏற்றித் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கியதும் அதில்தான்.

அப்பாவின் சி70

என் தந்தையார் வைத்திருந்தது 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கிய பழைய சி70. அதன் இடப்பக்க மூடியைக் கழற்றினால் கிண்ணம் போன்ற காந்தச் சக்கரம் தெரியும். அச்சக்கரம் சுழலச் சுழல அதனுள் இருக்கும் சுருள்களில் மின்சாரம் பிறக்கும். ஒரு சுருள் தீப்பொறிக்கு. பாயிண்ட் எனப்படும் சிறு இணைப்பு திறந்து மூடும்போது பொறி பிறக்கும். மற்றொரு சுருள் விளக்குக்கும் பேட்டரிக்கும். அந்த வண்டியில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி ரெகுலேட்டர் கிடையாது. எரியும் விளக்குகளும் மின்னேறும் பேட்டரியுமே அழுத்தத்தை எல்லைக்குள் வைத்தன. ஏற்றம் இறைக்கும்போது நீர் ஓட வாய்க்கால் இருக்கவேண்டும். வாய்க்கால் அடைபட்டால் நீர் கரையை உடைக்கும். அதைப்போன்ற ஏற்பாடு.

வாய்க்கால் அடைபட்ட இரவு ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. பஞ்சோரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முகப்பு விளக்கின் இழை அறுந்தது. அடுத்த கணமே பின்விளக்கும் போயிற்று. முகப்பு விளக்கு உண்டுவந்த மின்சாரம் முழுவதும் சின்னஞ்சிறு பின்விளக்கின் மேல் பாய்ந்து அதையும் எரித்துவிட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை. அதன் உண்டியல் வேறல்லவா! அப்பா என் கையில் டார்ச்சு விளக்கைக் கொடுத்துப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "முன்னாடி நான் பாத்துக்கிறேன். பின்னாடி வர்றவன் நம்மளப் பாக்கணும்" என்றார். ஓட்டுபவனுக்குத் தன் பின்விளக்கு தெரியாது. அது எரிவதும் எரியாததும் அடுத்தவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அன்று புரியாத இந்தச் செய்தி, மாணவன் லாரியைப் பற்றிச் சொன்னபோது நெஞ்சில் குத்திற்று.

6 வோல்ட் வண்டிக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 1.25 ஆம்பியர் போதும். வழியில் துருவேறிய இணைப்பு ஒன்று இருக்கிறது, அதன் தடை வெறும் 0.2 ஓம் என்று கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் அந்த ஓரிடத்திலேயே அரை வோல்ட் தொலையும். அதாவது நூற்றுக்கு எட்டுப் பங்கு. 12 வோல்ட் வண்டியில் கால் வோல்ட். நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆற்று முகத்துவாரத்தில், மலாக்கா நீரிணையின் உப்புக்காற்று வீசும் மூவார் போன்ற ஊரில் இணைப்புகளில் பச்சை பூப்பது அன்றாட நிகழ்ச்சி. அதனால்தான் பழைய சி70களின் விளக்கு எப்போதும் மஞ்சளாகவே எரிந்தது.

பகலில் எரிந்த விளக்கு

1992இல் மலேசிய அரசாங்கம் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டே ஓடவேண்டும் என்று சட்டம் செய்தது. வெயிலில் விளக்கா என்று எங்கள் தோட்டத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. "பேட்டரி தீந்துபோகுமே" என்று கவலைப்பட்டவர்கள் அவர்களிலும் அதிகம். கப்சாயின் முகப்பு விளக்கு பேட்டரியைத் தொடுவதே இல்லை என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கண்ணுக்குப் புலப்படாமையால் நேரும் விபத்துகளைக் குறைப்பதே அச்சட்டத்தின் நோக்கம். ராடின் உமார் முதலிய ஆய்வாளர்கள் செரம்பான், ஷா ஆலம் பகுதிகளின் விபத்து விவரங்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வகை விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. இந்நாட்டில் சாலை விபத்துகளில் மாள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதை எண்ணினால், அந்தச் சிறு விளக்கின் பெருமை விளங்கும்.

ஆயின் சட்டம் பார்த்தது முன்பக்கத்தை. முகப்பு விளக்கு எரிந்தால் வண்டியின் மின்சாரம் முழுவதும் நலமாக இருக்கிறது என்றொரு நம்பிக்கையும் அதனுடன் மெல்ல வளர்ந்துவிட்டது.

மூன்று உண்டியல்கள்

பாயிண்ட் தேய்வதும் கருகுவதும் பழைய வண்டிகளின் ஓயாத தொல்லை. 1969இல் காவாசாகி எச்1 வண்டியில் பாயிண்ட் இல்லாத சிடிஐ முறை வந்தது. மின்தேக்கி ஒன்றில் சில நூறு வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தை நிரப்பி, உரிய நொடியில் மின்னணுவியல் உறுப்பால் அதைத் திறந்துவிடும் முறை அது. 1980களில் சிடிஐயும் 12 வோல்ட்டும் கப்சாய்களுக்கு இறங்கி வந்தன. 1987இல் நம் நாட்டில் அறிமுகமான ஹோண்டா இஎக்ஸ்5 அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. கார்புரேட்டர் கொண்ட பழைய இஎக்ஸ்5கள் இன்றும் ஏராளமாகக் கைமாறுகின்றன.

அத்தகைய வண்டியில் காந்தச் சக்கரம் ஒன்றுதான். ஆனால் மின்சாரம் மூன்று வழிகளில் பிரிகிறது. முதல் வழி சிடிஐக்கு. அது இயந்திரத்தின் உண்டியல். இரண்டாவது, மஞ்சள் கம்பி வழியே முகப்பு விளக்குக்கு; வேகம் கூடினால் வெளிச்சம் கூடும், வண்டி நின்றால் மங்கும், இது கோளாறு அன்று. மூன்றாவது, வெள்ளைக் கம்பி வழியே ரெகுலேட்டருக்குச் சென்று, அங்கே ஒருதிசை மின்சாரமாக மாறிச் சிவப்புக் கம்பி வழியே பேட்டரிக்கு. ஹோன், சிக்னல், பிரேக் விளக்கு ஆகியவை இந்தப் பேட்டரியை நம்பி வாழ்பவை. பச்சைக் கம்பி எல்லாவற்றுக்கும் எர்த்.

இப்போது மாணவனின் புதிர் அவிழ்ந்துவிட்டது. உதைத்தால் இயந்திரம் இயங்குகிறது. முதல் உண்டியல் நிறைந்திருக்கிறது. முகப்பு விளக்கு எரிகிறது, இரண்டாவதும் நிறைந்திருக்கிறது. மூன்றாவது மட்டும் காலி. ஓட்டுபவனுக்கு அதனால் ஒரு குறையும் தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும்.

எரிபொருளைப் பீய்ச்சும் முறை கொண்ட புதிய வண்டிகளில் கதை வேறு. அங்கே பம்பும் சிறு கணினியும் மின்சாரம் கேட்பவை. ஆகையால் வண்டி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று அறியாமல் கோளாற்றைத் தேடப் புகுவது வீண்.

தேடிய முறை

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், வள்ளுவர் வகுக்கும் வரிசையை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். முதலில் நோய் இன்னதென்று தெளிதல். பிறகு அது எதனால் வந்தது என்று தேடுதல். அதன் பின்னரே தீர்க்கும் வழி. இவனுக்கு வாய்த்த பட்டறைக்காரர் நோயைச் சரியாகவே கண்டார், பேட்டரி இறந்திருந்தது. எதனால் இறந்தது என்ற இரண்டாம் படியைத் தாண்டி நேரே மருந்துக்குப் போய்விட்டார். மூன்று முறையும் அதே மருந்து.

ஒரு நாள் முழுவதும் ஒதுக்கினோம். என்னிடம் இருந்த கருவி முப்பது வெள்ளிக்கும் குறைவான ஒரு மல்டிமீட்டர்.

முதலில் பேட்டரி. வெளியே எடுத்து மெதுவாக மின்னேற்றி, இரவு முழுவதும் சும்மா வைத்தோம். காலையில் 12.7 வோல்ட் காட்டியது. நலமுள்ள 12 வோல்ட் ஈய பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் இருக்கும். 12க்கு வந்துவிட்டால் பெரும்பாலும் காலி என்று பொருள். ஆக இந்தப் பேட்டரி இன்னும் பிழைத்திருந்தது.

அடுத்து, வண்டி நிற்கும்போது மின்சாரம் கசிகிறதா? சாவியை மூடிவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் அம்மீட்டரைக் கோத்தோம். ஏறக்குறைய சுழி. கசிவு இல்லை.

மூன்றாவதாக, ஓடும்போது வரவு இருக்கிறதா? இயந்திரத்தை இயக்கி, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, வேகத்தைக் கூட்டினோம். நலமான வண்டியில் 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். இங்கே 12.4இலேயே நின்றது. வரவு இல்லை. கொலை நடக்கும் இடம் இதுதான் என்று தெரிந்தது.

வரவு இல்லாமைக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: சுருள், ரெகுலேட்டர், இடைப்பட்ட கம்பி. வெள்ளைக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே தடையை அளந்தோம். ஓர் ஓம் அளவில் இருந்தது. சுருள் அறுபடவில்லை. பிறகு இயந்திரம் ஓடும்போதே ரெகுலேட்டரின் சிவப்புக் கம்பியில் மீட்டரை வைத்தோம். 14.6 வோல்ட்! ரெகுலேட்டர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அங்கே 14.6, பேட்டரியில் 12.4. ஒரு கைமுழத் தொலைவில் 2.2 வோல்ட் காணாமல் போயிருந்தது.

கம்பித் தொகுதியைச் சுற்றிய கறுப்பு நாடாவை அங்குலம் அங்குலமாகப் பிரித்தோம். இருக்கைக்குக் கீழே பழுப்பேறிய நாடாத் துண்டு ஒன்று தனியாகத் தெரிந்தது. அதை அவிழ்த்தபோது சிவப்புக் கம்பி அங்கே வெட்டப்பட்டு, வெறுங்கையால் முறுக்கி ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். முறுக்கிய செம்பு முழுவதும் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. அதனுடன் எங்கும் சேராத மற்றொரு கம்பியின் மொட்டை முனையும் இருந்தது. முன்னர் வைத்திருந்த யாரோ ஒருவர் கூடுதல் ஹோனோ அலங்கார விளக்கோ பொருத்தியிருக்கிறார். விற்கும்போது அதைக் கழற்றிக்கொண்டு, வெட்டிய கம்பியை அப்படியே விட்டுச் சென்றிருக்கிறார். மழை நீர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

மூன்று பேட்டரிகள் மாண்டதற்கும் இதுவே காரணம். ஈய பேட்டரியில் மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது, மின்னேற்றினால் கரைகிறது. நெடுநாள் அரைகுறை மின்னேற்றத்திலேயே கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் கரைய மறுக்கும். புதிய பேட்டரிகள் வண்டியில் ஏறிய நாள் முதலே பட்டினி கிடந்து இறந்திருக்கின்றன.

பச்சை பூத்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் வரை உரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். செலவு ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. இயந்திரத்தை இயக்கி வேகம் கூட்டினோம், பேட்டரியில் 14.3 வோல்ட். மாணவன் பிரேக்கை மிதித்தான். வீட்டுச் சுவர் சிவந்தது.

"இவ்வளவுதானா சார்?" என்றான். இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்கும் அந்த லாரிக்கும் நடுவே இருந்தது அவன் உயிர் என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே புரிந்திருந்ததாகத் தோன்றியது.

வாங்குபவர் கவனத்துக்கு

பழைய மோட்டார் சைக்கிளை வாங்குபவர் வண்டியை மட்டும் வாங்குவதில்லை. அதற்கு முன் அதைத் தொட்ட எல்லாருடைய அவசரங்களையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே சிலவற்றைச் செய்துவிடுங்கள். நிறுவனம் சுற்றாத நாடா எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பிரித்துப் பாருங்கள். பேட்டரியின் அழுத்தத்தை ஓய்விலும் ஓட்டத்திலும் அளந்து குறித்து வையுங்கள். எர்த் கம்பி சட்டத்தில் திருகப்பட்ட இடத்தைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள். பேட்டரி ஓராண்டுக்குள் இறந்தால், அடுத்ததை வாங்குவதற்கு முன் வரவைச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை இருட்டிய பிறகு வண்டியைச் சுவரோரம் நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் தெரியும் சிவப்பே உங்களுக்கு அம்மீட்டரின் முள்.

அந்த மாணவன் இப்போதும் அதே வண்டியில்தான் இரவு வேலைக்குச் செல்கிறான். எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஹோன் அடிப்பான். நான் திண்ணையில் இருந்தால், சாலை முனையில் அவன் திரும்புமுன் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அன்று டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்த பையனின் பழக்கம் இன்னும் விடவில்லை.